தீபத்தன்று வைத்த கூட்டு

4-11-1979, ஞாயிறு

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வந்து தட்டு மாற்றிக்கொண்டு போனார்கள். தையில் கல்யாணம். பையன் ராஜேந்திரன், பள்ளிக்கூட வாத்தியார். வாழைக்காய் வறுவலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான்.

அவர்கள் போனதும் மகள் சந்திரகலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தீபத்தன்னிக்கு ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடற. இந்த ஒரு வருஷம் நம்ம வூட்ல ஆக்குப்பா. அடுத்த தீபத்துக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாகத் தீபத்தன்று சத்திரத்தில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறேன். அவளுக்கு வயது இருபது. ஒரு தீபத்துக்கும் நான் வீட்டில் இருந்ததில்லை. இது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது.

9-11

சத்திரத்தில் எனக்கு அடுத்த கை சடையன். அவனிடம் சொன்னேன். "நீ இல்லாம தீபமாண்ணா?" என்று வாயைப் பிளந்தான். பிறகு, "போண்ணா, நான் பாத்துக்கறேன்." மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும்.

18-11, ஞாயிறு

ஒத்திகை. மூன்று பேருக்கு சாம்பார். மானம் போயிற்று.

முந்நூறு பேர் என்றால் கை தானாகப் போகும். மூன்று பேருக்கு எவ்வளவு அள்ளுவது? படையலுக்கு முன்னால் வாயில் வைத்துப் பார்க்கிற வழக்கம் எனக்கில்லை. அண்டா கொதிக்கும்போது ஆவியிலேயே உப்பு தெரிந்துவிடும். இந்தச் சொப்புப் பாத்திரத்தில் ஆவியும் இல்லை, ஒரு எழவும் இல்லை. ஒரே கரிப்பு. என் வீட்டுக்காரி சரசு தண்ணீர் ஊற்றி ஊற்றி, கடைசியில் பதினைந்து பேருக்கு சாம்பார் வந்துவிட்டது. "உங்க கைக்கு கம்மியா வராது" என்று சிரித்துக்கொண்டே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாள்.

25-11

சாம்பார், ரசம், வடை, பாயசம் — அது எல்லோருக்கும். கலாவுக்கென்று என்ன வைப்பது? அவளுக்கு என்ன பிடிக்கும்?

யோசித்து யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. யாருக்கும் பிடிக்காமல் போகாத மாதிரி சமைத்தே பழகிவிட்டேன். சரசுவைக் கேட்கலாம். பெற்ற பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று பெண்டாட்டியிடம் போய்க் கேட்பதா? வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஞாபகம் வந்தது. பூசணிக்காய்க் கூட்டு! தீபத்துக்கு மறுநாள் காலையில் சத்திரத்திலிருந்து ஒரு தூக்கு நிறையக் கொண்டுவருவேன். ஒரு வருஷம்கூட அவள் மிச்சம் வைத்ததில்லை. அப்பாடா.

2-12-1979, ஞாயிறு, தீபம்

மூன்று பேரும் விரதம். உப்பைச் சரசு அளந்து கிண்ணத்தில் வைத்துவிட்டாள். பூசணிக்காயை நானே பார்த்துப் பார்த்து நறுக்கினேன். தேங்காய் கூட ஒரு மூடி.

ஆறு மணிக்கு மாடிக்குப் போனோம். மலை உச்சியில் மேகம். தீபம் தெரியாமல் எப்படிச் சாப்பிடுவது? கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மேகம் கொஞ்சம் விலகியது — தீபம்! தெரு முழுக்க அரோகரா. இத்தனை வருஷம் அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டவன் நான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுதேன் என்றே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

இலை போட்டுப் பரிமாறினேன். கலா முதலில் கூட்டைத்தான் காலி செய்தாள். பிடித்துவிட்டது என்று இன்னொரு கரண்டி போட்டேன். அதையும் சாப்பிட்டாள்.

பாத்திரம் கழுவும்போது சரசு மெதுவாகச் சொன்னாள். "அவளுக்குப் பூசணிக்காயே ஆகாதுங்க. நான் வச்சா தள்ளிடுவா. நீங்க கொண்டாந்தா மட்டும் முதல்ல அத முழுங்கிட்டு, அப்புறம் நிம்மதியா சாப்பிடுவா."

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

3-12

இரண்டாவது கரண்டி வேறு போட்டேனே, பாவி.

5-12

கேட்டுவிட்டேன். "ஏம்மா, பிடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"கூட்டுத் தூக்கை முன்னால வச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துக்கினு இருப்ப. எப்படிப்பா வாணாங்கறது?"

சரி, உனக்கு என்னதான் பிடிக்கும் என்றேன். விரல் விட்டுச் சொன்னாள். ஓரம் முறுகின அடை, தொட்டுக்க வெல்லம். மிளகு ஜாஸ்தி போட்ட ரசம். பாயசம் ஆறி ஏடு கட்டினால்தான் பிடிக்குமாம்! நான் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன்.

9-12, ஞாயிறு

அடை. முதல் இரண்டு கருகிவிட்டது. மூன்றாவதை அடுப்பருகிலேயே நின்று, சுடச் சுடப் பிய்த்துத் தின்றாள். "இன்னொண்ணு" என்றாள். அவள் வாயால் என்னிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

30-1-1980, புதன்

புது டைரி இன்னும் கிடைக்கவில்லை. பழசின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சமையல் சடையன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வேன் கிளம்பும் நேரத்தில் சம்பந்தியம்மா ஜோதியம்மாள் சரசுவைக் கேட்டார்கள்: "பொண்ணு என்னா விரும்பி சாப்பிடும், சொல்லுங்க."

சரசு வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். அடை, வெல்லம், மிளகு ரசம், ஏடு கட்டின பாயசம். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "பூசணிக்கா மட்டும் வாணாம்மா. வச்சா சாப்டுடும். பிடிக்கலன்னு சொல்லாது. அதான் நான் சொல்லிடறேன்."

கலா வேனுக்குள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தூக்கை அவள் மடியில் வைத்தேன். விடியற்காலையில் கல்யாண அடுப்பின் ஓரத்தில் நின்று சுட்டது. ஓரம் முறுகின அடை, நாலே நாலு. அவளுக்கு மட்டும்.