எதிர் முனையில் கொக்கி

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். போன் பண்ணினால் உங்கள் தம்பி மனைவி பக்கத்திலேயே நின்று கேட்பார் என்று சொல்லியிருந்தீர்கள். அதனால் குட்டி தூங்கினதும் எழுத உட்கார்ந்தேன்.

புதுச் சம்பளம் வந்துவிட்டது. அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலி எதுவோ அது, ஒரு காசு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. கவரை அங்கேயே பிரித்து இரண்டு தடவை எண்ணினேன். லாண்டரி வாசலில் நின்று கூலி மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோமே, அதெல்லாம் ஞாபகம் வந்தது. காலேஜ் படித்தவள் என்பதால் மனுவை எழுதியது நான். போகிறவர் வருகிறவரை எல்லாம் மடக்கிப் பிடித்தது நீங்கள். பலன் எனக்கு மட்டும் வந்திருக்கிறது.

முதல் காரியமாகக் குட்டியைக் காப்பகத்தில் சேர்த்தேன். அடுத்த அறை அம்மாள் அவனைக் கட்டில் காலில் துணியால் கட்டிப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாரே, குட்டி இடுப்பில் அந்தத் துணி பதிந்த கோடு, நீங்கள்கூட எண்ணெய் தடவுவீர்களே, அது போய்விட்டது. நேற்று குளிப்பாட்டும்போது விரலால் தேடினேன். கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்று உட்கார்ந்து அழுதேன், பைத்தியம் மாதிரி.

இதில் சந்தோஷப்பட்டு முடிக்கும் முன்பே வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். "உங்களுக்கெல்லாம் ஏத்திட்டாங்களாமே" என்று சிரித்த முகமாகவே வாடகையை ஏற்றிவிட்டுப் போனார். லாண்டரியில் ஓவர்டைம் இனிமேல் கிடையாதாம். நாலு மணி டீ நம் காசில். குட்டியின் அப்பா பத்து நாள் கழித்து லாரியிலிருந்து இறங்கி வந்தவர், "உனக்கு ஏறிடுச்சு, இனி நீதான் என்னை வச்சுக் காப்பாத்தணும்" என்று கிண்டல் வேறு. போன மாதத்தைவிட நன்றாக இருக்கிறோமா, இல்லையா? மூன்று தடவை யோசித்தேன். மூன்று தடவையும் வேறு வேறு பதில் வந்தது. குட்டிக்கு வாங்கும் பாலைப் பார்த்தால் நன்றாக இருக்கிறோம். வாடகையைப் பார்த்தால் தெரியவில்லை.

மடிப்பு அறையில் இப்போது நான்கு பேர்தான். கூலி ஏறினால் எட்டுப் பேர் கட்டுப்படியாகாது என்று ஜோடிக்கு ஒருவராக, சர்வீஸ் கூடினவர்களாகப் பார்த்து உங்களையெல்லாம் சூப்பர்வைசர் நிறுத்தினாரே, அந்த வாரமே சுவரில் மேசைக்கு இரண்டு இரும்புக் கொக்கி அடித்துவிட்டார்கள். படுக்கை விரிப்பின் இரண்டு முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மற்ற இரண்டோடு நான் நடந்து போய்ச் சேர்கிறேன். முன்னே நீங்கள் இரண்டு அடி வைப்பீர்கள், நான் இரண்டு அடி. கிட்டே வரும்போது பாதிக் கதை, அடுத்த மடிப்பில் மீதிக் கதை. இப்போது நாலு அடியும் நான். பகல் முழுக்க வாயே திறக்காமல் இருந்துவிட்டுக் காப்பக வாசலில் குட்டியைக் கூப்பிட்டால் குரல் யாருடையதோ மாதிரி வருகிறது.

எழுதுங்கள் அக்கா. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்
காலேஜு


மார்ச் 12

அடி காலேஜு,

லெட்டர் கெடைச்சுது. முத்து முத்தா எழுதியிருக்க, ஆனா படிச்சு முடிக்கிறதுக்குள்ள எனக்குத் தலை சுத்திடுச்சு. சந்தோஷம்னா சந்தோஷம்னு எழுது, கஷ்டம்னா கஷ்டம்னு எழுது. ரெண்டையும் ஒரே வரியில போட்டா நான் எதுக்குன்னு மூஞ்சிய வச்சுக்கறது?

குட்டி இடுப்புக் கோடு போனதுக்கு நானும் அழுதேன். தம்பி பொண்டாட்டி என்னன்னு எட்டிப் பாத்தா. வெங்காயம்னேன். கையில வெங்காயமே இல்ல.

இங்க நான் ஹால்லதான் படுக்கை. எல்லாரும் டிவி பாத்து முடிச்சாத்தான் பாயை விரிக்க முடியும். நல்லவதான் அவ, குறை சொல்லக் கூடாது. ஆனா நான் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டா பேச்சை நிறுத்திடுவா. அவ்வளவுதான். அந்த அமைதிக்கு நான் பாதி வயித்தோட எந்திரிச்சுடறேன்.

நல்ல சேதி ஒண்ணு. நம்ம கம்பெனிக்கு இந்த ஊர்லயும் ஒரு கிளை இருக்காம். நடந்தே போயி விசாரிச்சேன். இங்க இன்னும் கொக்கியெல்லாம் வரல, ரெண்டு பேரா நின்னுதான் மடிக்கிறாங்க. ஒரு பொண்ணு பிரசவத்துக்குப் போறாளாம், மே மாசம் முதல் தேதியிலேருந்து அந்த மேசைக்கு ஆள் வேணுமாம். கிளார்க்கு என் கையைப் பாத்தாரு, "எத்தனை வருஷம்"னாரு, பன்னெண்டுன்னேன். "வந்துடுங்கம்மா"னு பேரு எழுதிக்கிட்டாரு. வேலை கெடைச்சா தனியா ஒரு ரூம் பாத்துடுவேன். நீ குட்டியைத் தூக்கிட்டு வா. வயிறு நிறையச் சாப்பிடலாம், யாரும் பேச்சை நிறுத்த மாட்டாங்க.

அந்தக் கொக்கி உன்கிட்ட கதை கேக்குதா இல்லையா? அது நல்லா காது குடுத்துக் கேக்குமே, நடுவுல குறுக்கப் பேசாது, என்னை மாதிரி இல்ல.

அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு மேசை கிடைக்கப் போகிறது என்று படித்ததும் காப்பகத்து ஆயாவிடம்கூடச் சொன்னேன். அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாது. "நல்லா இருக்கட்டும்மா" என்றார்.

நேற்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். உங்கள் ஊர்க் கிளையிலும் கொக்கி அடிக்கப் போகிறார்களாம். ஒருத்தி தனியாக எப்படி மடிப்பது என்று நான் மூன்று நாள் போய்க் காட்ட வேண்டுமாம். திரும்பி வந்தால் மடிப்பு அறைக்கு நான்தான் பொறுப்பு. "நான் கொஞ்சம் யோசிக்கணும் சார்" என்றேன். "யோசிம்மா. சீக்கிரம் இங்க நாலு மேசை மூணாகப் போகுது, அதையும் சேத்து யோசி" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

நான் போய்க் காட்டினால் உங்கள் மேசைக்கு ஆள் வேண்டாம். போகாவிட்டால் அந்த மூன்றில் நான் இருக்க மாட்டேன், குட்டி மறுபடி கட்டில் காலுக்குப் போவான். நான் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள் என்பதும் உண்மை. அது உண்மைதானா, எனக்கு வசதியாக இருப்பதால் உண்மையா என்று தெரியவில்லை. கூலி ஏற வேண்டும் என்று மனுவில் எவ்வளவு தெளிவாக எழுதினேன். ஒரு வரியில்கூடச் சந்தேகம் இல்லை. அப்படி எழுதின பெண் எங்கே போனாள் என்றே தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இத்தனை நாளாக எழுதி எழுதிக் கிழித்தது இதுதான். டிசம்பரில் நீங்கள் கண் ஆபரேஷனுக்கு மூன்று நாள் லீவு போட்டீர்களே. ஜோடி இல்லாவிட்டால் எனக்கும் பாதிச் சம்பளம் என்றார்கள். குட்டிக்குக் காய்ச்சல், மருந்து வாங்கியாக வேண்டும். வீட்டிலிருந்து துணிக்கொடி கிளிப் இரண்டு, ஒன்று நீலம், ஒன்று மஞ்சள், எடுத்துப் போய் ஜன்னல் கம்பியில் விரிப்பைக் கவ்வ வைத்து நான் தனியாகவே மடித்தேன். மூன்று நாளும் முழு எண்ணிக்கை காட்டினேன். சூப்பர்வைசர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "பரவாயில்லையே" என்றார். அன்றைக்குப் பெருமையாக இருந்தது அக்கா, அதுதான் இப்போது தாங்கவில்லை. நீங்கள் வந்த பிறகு பார்த்தால் கிளிப்புகளைக் காணோம். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். கூலி உத்தரவு வந்ததும் அவருக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

கொக்கியைக் கண்டுபிடித்தது நான்.

ஏப்ரல் பத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போகாதே என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போக மாட்டேன். சத்தியமாக.

உங்கள்
காலேஜு


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

தினமும் வீட்டுக்காரம்மாவிடம் கடிதம் வந்ததா என்று கேட்டேன். "யார்கிட்ட இருந்து எதிர்பாக்கற, உன் வீட்டுக்காரரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்றோடு கெடு முடிந்தது. சூப்பர்வைசர் மேசைக்கே வந்து நின்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா ஆட்டினேன் என்று எனக்கே நிச்சயமில்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.

உங்கள் மௌனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? கோபமா, சம்மதமா, கடிதமே கிடைக்கவில்லையா? காலையில் ஒன்று நினைக்கிறேன், காப்பகத்திலிருந்து திரும்பும்போது வேறொன்று.

திங்கள் வருகிறேன். புதன் மாலை திரும்பும் பஸ். குட்டியை அவன் அப்பா பார்த்துக்கொள்கிறார், லாரிக்கு லீவு சொல்லியிருக்கிறார். உங்கள் விலாசத்தைச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருவேன். நேரிலேயே திட்டுங்கள்.

உங்கள்
காலேஜு


ஏப்ரல் 24

காலேஜு,

உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு. நேரத்துக்குத்தான் வந்துச்சு.

பதில் போடாதது கோபத்துல இல்ல. போகாதேன்னு எழுதினா குட்டி இடுப்புல மறுபடி கோடு விழும், அது என் கையால விழுந்த மாதிரி இருக்கும். போன்னு எழுதினா என் மேசையை நானே தூக்கிக் குடுக்கணும். பேனாவைக் கையில வச்சுக்கிட்டே ரெண்டு வாரம் ஓடிடுச்சு. பேசாம இருந்தா நீயே ஒரு முடிவு எடுப்பேன்னு விட்டுட்டேன். அது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு.

கிளிப்பு விஷயம் எனக்கு அன்னிக்கே தெரியும்டி. கட்டுப் பிரிச்ச கண்ணோட வேலைக்கு வந்தேன், மொதல்ல பட்டது ஜன்னல் கம்பியில அந்த நீலமும் மஞ்சளும்தான். ஆபரேஷன் நல்லா நடந்திருக்குன்னு நினைச்சுக்கிட்டேன். சூப்பர்வைசர் பாக்கறதுக்குள்ள எடுத்து என் பையில போட்டேன். அவன் முந்திக்கிட்டான்னு தெரியாது. உன்கிட்ட கேட்டிருந்தா நீ அழுதிருப்ப, எண்ணிக்கை விட்டுப் போயிருக்கும்.

திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் உனக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். தம்பி பொண்டாட்டிகிட்ட சிநேகிதி வராள்னு சொல்லி ஒரு தட்டு கூடுதலா எடுத்து வச்சேன். நீ வரல. புதன்கிழமை சாயங்காலம் நானே இந்த ஊர் லாண்டரி வாசலுக்கு வந்தேன். எதிர்ப்பக்கம் மருந்துக்கடை ஓரமா நின்னேன். நீ பையோட வெளிய வந்த. ஒரு சீட்டை எடுத்துப் பாத்த. என் வீடு இருக்கற பக்கம் கொஞ்ச தூரம் நடந்த. அப்புறம் நின்ன. திரும்பி வந்து பஸ்ல ஏறிட்ட. இளைச்சுப் போயிருக்க.

நான் கூப்பிட்டிருக்கலாம், நடுவுல ஒரு ரோடுதான். ஏன் கூப்பிடலைன்னு இன்னி வரைக்கும் தெரியல.

மறுநாள் கிளார்க்கு மேசை வேண்டாம்னு சொல்லிட்டாரு. பக்கத்து ஆஸ்பத்திரியில தரை துடைக்கச் சேந்திருக்கேன். கேட்டா சிரிப்ப, பன்னெண்டு வருஷம் மடிச்சுக் கடைசியா வாங்கினதைவிட இங்க மொத மாசச் சம்பளமே ஜாஸ்தியா பேசியிருக்காங்க. கூலி உத்தரவு அப்படியாம். உன் மனு எழுத்து இங்க வந்து எனக்குச் சம்பளம் குடுக்குது. முட்டிதான் தாங்க மாட்டேங்குது. அடுத்த மாசம் ரூம் பாக்கப் போறேன். இதுல உனக்கு நன்றி சொல்லணுமா, உன்னோட பேசாம இருக்கணுமா? நீ படிச்சவ, உனக்குத் தெரிஞ்சா சொல்லு.

இப்ப எழுதாதே. எனக்கு ஒரு முடிவு தெரிஞ்சதும் நானே எழுதறேன்.

இந்தக் கவர்ல நீலக் கிளிப்பை வச்சிருக்கேன். குட்டி துணி காயப் போட ஆகும். மஞ்சள் இங்க என்கிட்ட இருக்கட்டும்.

அக்கா