பூட்டின வூட்டுத் தண்ணி

லெப்பைக்குடிகாடு
16.8.2006

அன்பு மகன் அப்துல் சலாமுக்கு அம்மா ஹஃபீசா எழுதிக்கிறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வோட காவல்ல நீ அங்க சொகமா இருக்கணும், அஞ்சு வேளையும் அதுக்குத்தான் துஆ கேக்குறேன். இங்க எல்லாரும் சொகம்னு எழுதத்தான் கை போவுது, ஆனா அது பச்சைப் பொய்யாயிடும். உங்க அத்தாவுக்கும் எனக்கும் இந்த சிக்குன்குனியா வந்து இருபது நாளாச்சு. காய்ச்சல் மூணு நாள்ல விட்டுடுச்சு, மூட்டு வலி விடல, குனிய முடியாம நாற்காலியில உக்காந்து தொழுவுறேன். போன்ல சொல்லலாம்னா நீ எங்க பேச விட்டே, நல்லாருக்கீங்களா, புது வூட்டுத் தொட்டியில தண்ணி இருக்கா, இந்த ரெண்டு கேள்வியோட வச்சிடுறே. அதான் வெள்ளிக்கிழமை துபாய் கிளம்புற நம்ம தெரு ஜாவித் கிட்ட இதைக் குடுத்து விடுறேன், முழுசாப் படி.

எங்களை விடு, ஆக்கிப் போட உன் தங்கச்சி ஃபைஸா வந்து கெடக்கா. பூமாலையை நெனைச்சாத்தான் எனக்கு சோறு எறங்கல. பன்னெண்டு வருஷமா நம்ம வூட்டுல பாத்திரம் தேய்க்குறவ, மிச்ச நேரம் வெங்காயக் காட்டுக்குக் களை எடுக்கப் போறவ, புருஷன் போனதுலேருந்து அந்த ரெண்டு கையிலதான் அவ அடுப்பு எரியுது. இன்னைக்கு அவளால வெரலை மடக்க முடியல. களைக்கொட்டைப் புடிக்க முடியாதவளை எவன் வேலைக்குக் கூப்புடுவான், சொல்லு.

தெருவுல மொதல்ல காய்ச்சல்ல படுத்தது அவதான். அதனால அவதான் காரணம்னு நானே முடிவு கட்டிட்டேன். வாசல்ல சாக்கடை, ஆட்டுக்கு ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒடைஞ்ச கொடம், சுத்தம்னா என்னான்னு தெரியாத சனம்னு தெருவே கேக்கக் கத்தினேன். கத்தினதோட விட்டேனா, அவ தொட்டியைக் கவுத்து விட்டு, இனிமே வேலைக்கு வராதேன்னும் சொல்லிட்டு வந்தேன். தெனமும் கழுவித்தாம்மா தண்ணி ஊத்துறேன்னு அவ காய்ச்சலோட செவுத்தைப் புடிச்சிக்கிட்டு சொன்னா, நான் காதுல வாங்கல. அவ வூடு உன் புது வூட்டுப் பின்செவுத்தை ஒட்டித்தான் இருக்குன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல பாரு.

அப்புறம் சுகாதார ஆபீஸ்லேருந்து நல்லுசாமின்னு ஒருத்தர் டார்ச் லைட்டோட வூடு வூடா வந்தாரு. உன் வூட்டைத் தொறக்கச் சொன்னாரு. பூட்டி ஒம்பது மாசமாச்சு, ஆளே இல்லாத வூட்டுல கொசுவுக்கு என்ன வேலைன்னு எகத்தாளம் பேசி ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். நீதானே சொன்னே, மவுலூது ஓதி பால் காய்ச்சி நான் குடி போறதுக்கு முன்னாடி ஈ காக்கா உள்ள போவக் கூடாதுன்னு. ஃபைஸா புருஷன் சாமானைக் கொண்டாந்து உள்ள போட்டுடுவாருன்னு சாவியையும் துபாய்க்குத் தூக்கிட்டுப் போனவன் நீ. மூணாவது தடவை அந்த மனுஷன் பொறுமையா சொன்னாரு, அம்மா, இது சாக்கடைக் கொசு இல்ல, நல்ல தண்ணியில முட்டை விடும், பகல்ல கடிக்கும், ரொம்ப தூரம் பறக்காது, இங்கதான் எங்கேயோ வளருதுன்னு. நல்ல தண்ணின்னதும்தான் எனக்கு உன் வூட்டு நெனைப்பு வந்துச்சு. தொட்டி காஞ்சா வெடிச்சிடும்னு நீ சொன்னதைக் கேட்டு, வெளிப்பக்கம் இருக்குற மோட்டார் சுவிட்சைப் போட்டு, வெள்ளிக்கு வெள்ளி மாடித் தொட்டியை ரொப்பினவ நான்தானேடா.

அங்கேயே கடப்பாறை கொண்டாரச் சொல்லி பூட்டை நெம்பச் சொன்னேன். முட்டி வலியோட படியேறிப் போனா, தொட்டிக்கு மூடியே இல்ல. தண்ணி, தொழுவைக்கு கை கால் கழுவி உளூ செய்யலாம் போல அவ்வளவு தெளிவு. லைட்டை அடிச்சா அம்புட்டும் புழு, நெளியுது. கீழ பெயிண்ட் டப்பாவுல, கொத்தனார் விட்டுட்டுப் போன சட்டியில, எல்லாத்துலயும் அதே. உன் வூட்டுக்கு மொதல்ல குடி போனது கொசுதான், மவனே.

நேத்து பூமாலை வூட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு நெனைச்சேன், திட்டியிருந்தா தேவலை. அவ தன் கையையே பாத்துக்கிட்டு, என்னைத் தெருவுல வச்சித்தானேம்மா பேசினீங்க, இதை மட்டும் ஏன் கதவைச் சாத்திக்கிட்டு சொல்றீங்கன்னு கேட்டா. எம்மவன் பேரு கெட்டுடுமேன்னுதான் கதவைச் சாத்தினேன்னு அவ கிட்ட எப்புடி சொல்லுவேன். நாளைக்குக் காலையில தெருக்குழாயில எல்லாரும் நிக்குறப்ப சொல்லப் போறேன். உன் பேரையும் சேத்துத்தான் சொல்லுவேன். உங்க அத்தா வேணாங்குறாரு, நான் கேக்குறதா இல்ல.

பூட்டை யாரு ஒடைச்சதுன்னு போன் போடாதே. நீ தங்குற ரூம்லயும் தண்ணியை மூடி வையி, வேளைக்குச் சாப்புடு, தொழுவையை விட்டுடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசும் ஈரமுள்ள மனசும் தரட்டும். ஒண்ணை மறந்துடாதே, பூமாலைக்குன்னு சோப்பு, சென்ட், கோடாலித் தைலம்னு யாரு கிட்டயும் குடுத்து விட்டுடாதே. லீவு கெடைச்சதும் வா. வந்து, தெரு பாக்க அவ வாசல்ல நில்லு.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ,
ஹஃபீசா