செலவில்லாத ஞாயிறுகள்

நவம்பர் 10, ஞாயிறு

விடிவதற்குள் என் வீட்டுக்காரர் மீரான் எழுந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். "ஞாயித்துக்கெழம… டூட்டி இருக்குல்ல" என்றார். சவூதியில் வெள்ளி விடுமுறை, ஞாயிறு வேலை நாள். வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. அவர் உடம்புக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஊருக்கும்தான் போய்ச் சேரவில்லை. கம்பெனியில் ஆட்குறைப்பு, விசாவை கேன்சல் செய்து அனுப்பிவிட்டார்கள் என்பது எனக்கும் மகள் ஃபர்ஹாவுக்கும் மட்டும் தெரியும். லெப்பைக்குடிக்காட்டைப் பொறுத்தவரை அவர் லீவில் வந்திருக்கிறார். லீவில் வந்தவரிடம் எங்கள் ஊர் இரண்டே கேள்விதான் கேட்கும்: "எப்ப வந்தீங்க? எப்ப பயணம்?" இரண்டுக்கும் நடுவில் மூச்சு விட இடம் தராது. பள்ளிவாசல் படியில் யாரோ கேட்டபோது இவர் "ஜனவரி" என்று சொல்லிவிட்டார். ஏன் ஜனவரி என்றேன்.

"அது தூரமா இருந்துச்சு" என்றார்.

லீவில் வந்தவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரும். ஏற்காடு, கொடைக்கானல் என்று குடும்பத்தோடு போக வேண்டும். ஆகவே நாங்களும் டூர் கிளம்பினோம். அத்தர் பூசி, பெருநாளைக்கு எடுத்த உடுப்பை உடுத்தி, பெரிய பையைத் தூக்கிக்கொண்டு. பைக்குள் புளிச்சோறு. தெருவைத் தாண்டியதும் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் எங்கள் குடும்பத்தில் போக்குவரத்துச் செலவு என்பது மீரான் ஒருவர்தான்.

ரஞ்சன்குடிக் கோட்டை. எங்கள் ஊர்க்காரர் யாரும் அங்கே வரமாட்டார்கள். அதுவே அதன் அழகு. மேலே ஏறி, நிழல் தேடி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"அத்தா, உங்களுக்கு வெயில் அடிக்குதா? நீங்க இங்குட்டு உக்காருங்க."

"பரவால்லம்மா. நீங்க சாப்பிடுங்க மொதல்ல."

பதினான்கு வயது மகளை அவர் 'நீங்க' என்கிறார். இத்தனை வருஷமும் போனில் பேசியவர்கள். இரண்டு விருந்தாளிகள் ஒருவரையொருவர் உபசரிப்பதைப் பார்த்துக்கொண்டே நான் அப்பளம் தின்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லும்வரை மீரான் எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் இரண்டு ஞாயிறு வைத்திருப்பவர் இந்த மாவட்டத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று போக முடியவில்லை. தௌஃபீக் வந்திருந்தான். விசா ஏற்பாடு செய்பவன். பாஸ்போர்ட்டில் கேன்சல் விழுந்தால் ஊருக்கு முன்னால் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். வாழைப்பழத்தோடு வந்து, நலம் விசாரித்து, குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, தம்மாம்ல ஒரு குடோன். விசாவுல லோடிங்னு போட்டிருக்கும், சும்மா பேருக்கு. போயிட்டா உள்ள மாத்திக்கலாம்."

'உள்ள மாத்திக்கலாம்' என்பதை நம்பிப் போய், மாறாமல் கிழவனானவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். மீரான் அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவர். வயது நாற்பத்தெட்டு. குனிந்து செருப்பை எடுத்தால் நிமிர்வதற்கு சுவர் வேண்டும்.

"ஊருக்கு இன்னும் விஷயம் தெரியாதுல்ல? நான் யார்ட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றான் போகும்போது. அவன் மூச்சு விட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வைப்பதற்காகவே சொன்னான். பொங்கலுக்குள் பதில் வேண்டுமாம்.

மீரான் என்னைப் பார்த்தார். நான் போங்கள் என்று சொல்லவில்லை. போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவரை வழியனுப்பியே பழகிவிட்டேன். பெட்டி கட்டத் தெரியும், அழாமல் இருக்கத் தெரியும். 'இருங்க' என்று சொல்லத்தான் பழக்கமில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் மழை. வீட்டுக்குள்ளேயே ஒழுகும் இடங்களைச் சுற்றிப் பார்த்தோம். நுழைவுக் கட்டணம் இல்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

சாத்தனூர் கல்மரம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன் கடலில் விழுந்து கல்லாகிப்போன மரத்துக்கு வேலி கட்டிவைத்திருக்கிறார்கள். இனி அது எங்கே போகப்போகிறது என்று கேட்டாள் ஃபர்ஹா. மீரான் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் நின்றது. வேப்பமர நிழலில் ஒரு குடும்பம் டிபன் கேரியரைப் பிரித்து வைத்திருந்தது. அஸ்ஃபாக், அவன் பெண்டாட்டி மர்ஜியா. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. துபாயில் இருக்கிறவன், லீவில் வந்திருக்கிறான். 'கம்பெனியில அவங்கள விட்டா ஆளில்ல, அவங்களே போன் பண்ணி லீவ நீட்டிச்சு குடுத்தாங்க' என்று மர்ஜியா போன மாதம் ரேஷன் கடையில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். நடுவில் கல்மரம்.

"அட, மச்சான்! இங்குட்டு எங்க?"

"சும்மாதான், புள்ளைக்குப் பாடத்துல வருது. நீங்க?"

"கார சர்வீஸுக்கு விட்டிருக்கு. அதான் பக்கத்துலயே…"

அஸ்ஃபாக்கிடம் கார் இல்லை. மீரான் மரியாதையாகத் தலையாட்டினார்.

"எப்ப பயணம் மச்சான்?"

"ஜனவரி. ஒனக்கு?"

"பிப்ரவரி, இன்ஷா அல்லாஹ்."

இருவரும் பலமாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர்கள் கேரியரிலும் புளிச்சோறுதான். மர்ஜியா மூடியைச் சட்டென்று சாத்தினாள். நானும் என் மூடியைச் சாத்தினேன். திரும்பும்போது அவர்கள் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டார்கள், நாங்கள் ஏறினோம் என்பதால்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஜனவரி என்று சொன்னதன் பலன் தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் அவர் மனிதர் அல்ல, லாரி. அங்கே மகனையோ மருமகனையோ வைத்திருப்பவர்கள் எல்லாம் பார்சல் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் இல்லை.

எதிர்வீட்டு சைதானி பெரியம்மா மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்தார். மூடியில் மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி, துணி கட்டி, அதன் மேல் பாலித்தீன். "மகன் ஊறுகா இல்லாம சோத்துல கை வைக்கமாட்டான். ஒழுகாம பாத்துக்கப்பா" என்று மீரான் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மீரான் ஊறுகாய்ப் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினார். 'ரியாத்துக்கு' என்று அதில் எழுதியும் இருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

அரியலூர் ரயில்வே ஸ்டேஷன். ஃபர்ஹாவின் யோசனை. பிளாட்பார டிக்கெட் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, வரும் ரயில் நிற்குமா நிற்காதா என்று பந்தயம். வீட்டுக்குப் போனதும் தோற்றவர் டிபன் பாத்திரம் கழுவ வேண்டும். சுண்ணாம்புக்கல் ஏற்றிய கூட்ஸ் ஒன்று வந்தபோது மீரான் "இது நிக்காது" என்றார். அது வந்து எங்கள் எதிரிலேயே நின்று, கிளம்பவே இல்லை.

"அத்தா, ஒங்களுக்கு ரயிலும் தெரியல, ஒண்ணும் தெரியல. எங்கதான் இருந்தீங்க இத்தன வருஷமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே முகம் மாறிவிட்டது. நான் கூட்ஸ் வண்டியைப் பார்த்தேன். மீரான்தான் முதலில் சிரித்தார்.

"கேக்குற கேள்விய பாரு. போடி, போய் டீ வாங்கிட்டு வா."

'போடி' என்றார். அவள் காசைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

இரவு அவர் பாத்திரம் கழுவினார். பாதி சோப்பை முடித்துவிட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

உடம்பு சரியில்லை. எங்கும் போகவில்லை. பார்சல்: கறி மசாலா, முறுக்கு, மூட்டுவலித் தைலம், யாரோ ஒருவர் மகனுக்கு நிக்காஹ் ஆல்பம். கொளஞ்சி அண்ணன் ஜெயங்கொண்டத்து முந்திரி கொண்டுவந்தார், அவர் பையனும் ரியாத்தில்தான். "பாய், சிரமப்படுத்துறேன்" என்றார். எங்களைச் சிரமப்படுத்துகிறோம் என்று சொன்ன ஒரே ஆள்.

ஜனவரி 8, புதன்

தௌஃபீக் மறுபடி வந்தான். பதினாலாம் தேதிக்குள் பாஸ்போர்ட் கொடுத்துவிட வேண்டும். அவன் போன பிறகு மீரான் அலமாரிக்கு முன்னால் நின்றார். பார்சல்கள் கீழ்த்தட்டு நிறைந்து நடுத்தட்டுக்கு வந்துவிட்டன.

"ஜுலைகா, இதையெல்லாம் கொண்டுபோய் சேக்கவாவது போயிடலாம்னு இருக்கு."

தமாஷுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

ஊறுகாய்க்காக ஒரு மனுஷன் கடல் தாண்டிப் போவானா? போவான். இந்த ஊர்ல போவான். முதுகு ஒடிஞ்சாலும் போவான், போகலன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு போவான். நான் என்ன பண்றேன்? பெட்டிய எறக்கி தூசி தட்டுறேன். ஏன் தட்டுறேன்? யாரு கேட்டா? வாயத் தொறந்தா 'சீக்கிரம் சாப்பிட வாங்க'ன்னுதான் வருது. இவ்வளவு படிச்சு, அஞ்சல்ல பி.ஏ. வாங்கி, ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் டியூஷன் எடுத்து—

ஃபர்ஹா கதவருகே நின்றிருந்தாள். அவள் அத்தா சொன்னதைக் கேட்டிருக்கிறாள். போய்ப் படுத்துவிட்டாள்.

ஜனவரி 12, ஞாயிறு

காலையில் எழுந்து பார்த்தால் அலமாரி காலி. பார்சல் எல்லாம் பைகளில் அடுக்கி வாசலில் இருந்தன. ஃபர்ஹா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு எங்கம்மா?" என்று கேட்டார் மீரான். கரைவெட்டிக்குப் பறவை பார்க்கப் போவதாகப் பேச்சு இருந்தது.

"ஊருக்குள்ளதான் அத்தா. பஸ் வேணாம்."

அவர் பைகளைப் பார்த்தார். புரிய நேரமானது. புரிந்த பிறகும் நேரமானது. இப்போதாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இருங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நானே அதிர்ந்துபோய் நின்றேன். "நானும் வரேன், இருங்க"ன்னு சொல்ல வந்தேன் என்று மாற்றிவிடலாம்தான். மாற்றவில்லை.

"போகாதீங்க. இங்கயே இருங்க."

அவர் கனமான பையைத் தூக்கப் போனார், ஃபர்ஹா பிடுங்கிக்கொண்டு இலேசானதைக் கொடுத்தாள்.

முதலில் எதிர்வீடு. ஸலாம் சொல்லி முடிக்கவில்லை, சைதானி பெரியம்மா "என்னப்பா, எப்ப பயணம்?" என்றார். ஃபர்ஹா அவள் அத்தாவைப் பார்த்தாள். அவளாகச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. காத்திருந்தாள்.

"பயணம் இல்ல பெரியம்மா. நான் கேன்சல்ல வந்துட்டேன். செப்டம்பர்லயே."

பெரியம்மா பாட்டிலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். பெரியம்மா முகம் சிவந்தது.

"அப்ப ஏண்டா இம்புட்டு நாளா எங்கூட்டு ஊறுகாய பூட்டி வச்சிருந்த? எம்மவன் அங்க வெறுஞ்சோறு திங்கிறானேடா! மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஆள்ட்ட குடுத்துவிட்டிருப்பேன்ல!"

நாலு மாதமாக நாங்கள் மூடி மறைத்து, கோட்டைக்கும் கல்மரத்துக்கும் ஓடி ஒளிந்த விஷயம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் பிரச்சினை ஊறுகாய். வேலை போனதற்கு அவர் சொன்னதெல்லாம், "சரி, ஆண்டவன் வேற கதவு தொறப்பான், உள்ள வந்து டீ குடி" என்பதுதான். பிறகு உடனே, "அஸ்ஃபாக்கு பிப்ரவரில போறானாமே. துபாய் போனா அங்கேருந்து ஆளு மூலமா ரியாத்துக்கு அனுப்பிட மாட்டானா?" என்றார்.

மீரான் இருமினார். நான் டீயைக் குடித்தேன்.

எல்லா வீடும் இப்படியே இருந்தது என்று எழுத ஆசைதான். ஒரு வீட்டில் கதவை முழுக்கத் திறக்காமலே பார்சலை வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு வீட்டில் "அப்பவே நெனச்சேன்" என்றார்கள். மீரான் காது சிவந்தது. ஃபர்ஹா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னப்பிள்ளையில்கூட பிடித்ததில்லை. அப்போது கை இங்கே இல்லை.

கொளஞ்சி அண்ணன் முந்திரியில் பாதியை ஃபர்ஹா பையிலேயே கொட்டினார். "அதுக்கென்ன பாய் பண்றது. என் மச்சினன் அரியலூர்ல சிமெண்ட் டீலரு, குடோனுக்கு நம்பிக்கையான ஆளு தேடிட்டிருக்கான். சம்பளத்த கேட்டா நீங்க சிரிப்பீங்க" என்றார்.

"சிரிக்கமாட்டேன்" என்றார் மீரான்.

மத்தியானம் வீடு திரும்பினோம். பைகள் காலி. இதுவரை போனதில் மிகவும் களைப்பான டூர் இதுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

தௌஃபீக்கிடம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவன் கோபப்படவில்லை. "பரவால்லண்ணே, வேற ஆளு பாத்துக்கறேன்" என்று பைக்கைத் திருப்பினான். அஸ்ஃபாக் வீடு இருக்கும் பக்கம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சிமெண்ட் குடோனில் இன்று அரைநாள். மீரான் பகல் இரண்டு மணிக்கு வந்தார். காதுமடலில் சிமெண்ட். சம்பளத்தைக் கேட்டு நான்தான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. மாதத்தை ஓட்ட டியூஷனுக்கு இன்னும் நாலு பிள்ளை பிடிக்க வேண்டும். சாப்பிட்டுக் கூடத்தில் படுத்தவர் படுத்த இடத்திலேயே உறங்கிவிட்டார். எங்கேயாவது போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஃபர்ஹா சத்தமில்லாமல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள்.

மர்ஜியா கொல்லைப் பக்கமாக வந்தாள். முக்காட்டை இழுத்து இழுத்து விட்டாள்.

"அக்கா, ஃபர்ஹாவ கொஞ்சம் அனுப்புறீங்களா?"

"எதுக்குடி?"

"எங்க வூட்ல கொஞ்சம் பார்சல் கெடக்கு, திருப்பிக் குடுக்கணும்." கொஞ்சம் என்றாள். "போன மாசத்துலேருந்து எல்லாரும் எங்க வூட்லதான் கொண்டாந்து குடுக்குறாங்க. சைதானி பெரியம்மா ஊறுகாகூட அங்கதான் இருக்கு. நாளைக்கு தௌஃபீக் பாஸ்போர்ட் வாங்க வர்றான். போகாதீங்கன்னு நான் சொன்னா இவங்க கேக்கமாட்டேங்குறாங்க."

"அஸ்ஃபாக் எங்க?"

கேட்டது நான் இல்லை. மீரான் உறங்கவில்லை போலிருக்கிறது.

"வூட்லதான் இருக்காங்கண்ணே. நாலு நாளா வெளிய வரல."

மீரான் சுவரைப் பிடித்து எழுந்தார். கைலியை உதறிக் கட்டி, கொடியில் கிடந்த கசங்கிய சட்டையை மாட்டினார். "நான் வந்து பேசுறேன், நட" என்றார். ஃபர்ஹா கணக்கு நோட்டை மூடிவிட்டு அவருக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

மூன்று பேரும் தெருவில் போவதை ஜன்னலில் பார்த்தேன். திரும்பும்போது அவனையும் இழுத்துக்கொண்டுதான் வருவார்கள். ராத்திரிச் சோற்றுக்கு உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி போட்டேன்.