அண்ணனிடம் சொல்லக் கூடாத பங்கு

மார்ச் 4
பங்குச் சந்தைக் கண்காணிப்பு அலுவலகத்தில் நான் விசாரிக்கும் அந்தச் சிமெண்ட் கம்பெனிப் பங்கு இன்றும் ஏறியது. ஆலை மூடி வருஷமாகிறது, விலை மட்டும் பறக்கிறது! ஒரு கும்பல் தனக்குள்ளேயே வாங்கி விற்று ஏற்றிவிடுகிறது. வெளியாட்கள் நம்பி வந்ததும் எல்லாவற்றையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஓடிவிடும். கணக்குகளோ நாற்பது பெயரில், நாற்பது ஊரில். ஒரே கூட்டம் என்று எப்படி நிரூபிப்பது?

மார்ச் 5
சாப்பிடும்போது அண்ணன், "ஒரு சிமெண்ட் ஷேர் சும்மா பிச்சுக்கிட்டு போகுது. போன்ல ஒருத்தர் தினமும் சொல்றாரு. வீடு கட்ட வச்சிருந்ததை அதுல போடப்போறேன்" என்றான். அதே பங்கு! விசாரணையில் இருப்பதை வெளியே சொன்னால் குற்றம்.
"நல்லா விசாரிச்சியாண்ணா?"
"நீ ஒரு சந்தேகப் பிராணி!" சிரிக்கிறான், பாவி.

மார்ச் 6
மேலதிகாரியிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் நாங்கள் அவரைக் கடுகு என்போம். இன்று வெடிக்கவில்லை. "வீட்ல சொன்னா கும்பல் காதுக்கும் போயிடும்மா. முடியலன்னா கேஸை விட்டுடு."
விடமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி
கண்டுபிடித்துவிட்டேன்! தினமும் மத்தியானம் நாற்பது கணக்குகளும் ஒரே நேரத்தில் அடங்குகின்றன, ஒன்றாகவே மறுபடி எழுகின்றன. சாப்பிடப் போகிறார்கள், ஐயா! எல்லாம் ஒரே அறை!
கடுகு விழுந்து விழுந்து சிரித்தார். "தடை உத்தரவு எழுதும்மா. அறை எங்கன்னு போலீஸ் கண்டுபிடிச்சுடும். திங்கக்கிழமை சாப்பாட்டு நேரத்துலயே போய்ப் பிடிப்போம்."

மார்ச் 10
காலையில் அந்தப் பங்கை யாரும் வாங்கவோ விற்கவோ முடியாதபடி நிறுத்தினோம். மத்தியானம் போலீஸோடு போய்க் கும்பலைச் சோற்றுக் கையோடு பிடித்தோம்.
அண்ணன் போனில் கத்தினான். வெள்ளிக்கிழமையே பாதியைப் போட்டுவிட்டானாம். "தெரிஞ்சுக்கிட்டே என் எதிர்ல உக்காந்து தின்னுட்டு இருந்தியேடி!"
சொல்லியிருக்கலாமோ? சொல்லியிருந்தால் கும்பல் தப்பியிருக்கும். தெரிகிறது. ஆனாலும் அழுதுகொண்டே இருக்கிறேன்.

மார்ச் 21
போன் செய்து ஏமாற்றியவன், "நான் யாரையும் கூப்பிடவே இல்லை" என்று சாதிக்கிறான். ஏமாந்தவர்கள் யாரும் சாட்சிக்கு வரவில்லை. பயம், வெட்கம். அண்ணன் இன்னும் பேசவில்லை.

ஏப்ரல் 2
அண்ணன் அலுவலகத்துக்கு வந்தான்! என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாக்குமூலம் கொடுக்கப் போனான். தங்கை என்பதால் நான் உள்ளே இருக்கக் கூடாது. வாசலிலேயே நின்றேன்.
வெளியே வந்ததும், "குரலை அடையாளம் காட்டிட்டேன்" என்றான்.
"அண்ணா..."
"கோபம் இன்னும் போகல. என்னை மாதிரி ஏமாந்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க. பயப்படுறாங்க. திங்கக்கிழமை நானே கூட்டிட்டு வரேன். அவங்க உக்கார நல்ல இடமாப் பாத்து வை."
நல்ல நாற்காலிகளாகப் போடச் சொல்லிவிட்டேன்.