சோடி சேர்ந்ததை நான் சொல்லவில்லை

இல்லை, என் அருமை அம்மா, சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் போன முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு, "நீயும் அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதித் தா" என்று அப்பா கேட்டார். அழகாக எழுதுவேன் என்று நினைக்கிறார். பாவம்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் தருகிறோம் என்றார்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வேண்டாம். ஆரும் நார்த்மீட் பக்கத்து அன்ரிதான் மொழிபெயர்க்க வந்து நிப்பா. நான் கார் பார்க்குக்குப் போக முதல் கோயில் முழுக்கத் தெரிஞ்சிடும். நீ சொல்லு. ரெண்டு வருசம் யூனியில பயோமெடிசின் படிச்சுப்போட்டு விட்டனிதானே, அது இதுக்காவது உதவட்டும்."

குத்தாமல் உங்களால் ஒரு வசனம் முடிக்க இயலாது.

முதல் தடவை ஒழுங்காகத்தான் சொன்னேன். உடற்கலத்தின் மேற்பரப்பில் ரிசெப்டர்கள், தகவல் வாங்கும் புரதங்கள், நிற்கும். இரண்டு ஒட்டிக்கொண்டால் உள்ளே 'வளர், பெருகு' என்று கட்டளை போகும். மற்றவை வெளியிலிருந்து தகவல் வந்தால்தான் கை நீட்டும். உங்கள் மார்புப் புற்றுநோயில் பெருகியிருந்த ஹெர்-டூ என்ற ரிசெப்டர் எப்போதும் கையை நீட்டியபடியே நிற்கும். அதற்குப் பிடித்த சோடி ஹெர்-த்ரீ என்ற இன்னொன்று. தனியே விட்டால் அது அநேகமாக ஒன்றுக்கும் உதவாது. சேர்ந்தால் அதைப்போல மோசமான சோடி இல்லை. மருந்து போய் அந்த நீட்டிய கையை மறிக்கும்.

"தனிய விட்டா ஒண்டுக்கும் உதவாதோ? உன்னை மாதிரி," என்றீர்கள். சிரித்தேன். நல்ல பகிடிதான்.

அடுத்த ஸ்கான் முடிவு வந்த அன்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். மருந்து இனி மறிக்கவில்லை, கலங்கள் வேறு சோடி பிடித்துவிட்டன, ஈரலுக்கும் போய்விட்டது, சில கிழமைகள்தான். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மருந்து வேலை செய்யுது அம்மா," என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். அதைப் பார்த்து டொக்டர், "எவ்வளவு தைரியமான பெண்," என்றார். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

அன்பால் பொய் சொன்னேன் என்று எழுதினால் சனம் அழும். அன்பில்லை. ஒருநாளாவது உங்களுக்கு நல்ல செய்தி கொண்டுவந்த பிள்ளையாக இருக்க ஆசை. பலித்தது. என் கையைப் பிடித்து, "நீ படிச்சது வீண் போகேல்லையடா," என்றீர்கள். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பேன்?

காரில் ஏறியதும், உங்கள் தங்கச்சிக்கு, சித்திக்கு, போன் எடுக்கச் சொன்னேன். அவர் இருப்பது பென்டில் ஹில், பத்து நிமிடத் தூரம், ஆறு வருடக் கோபம்.

"இப்ப என்ன அவசரம்? நான் சாகப்போறனே? அவள் முதல்ல எடுக்கட்டும்."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாவது கிழமை சித்தி உங்களைப் பெட்டியில்தான் பார்த்தார். செத்தவீட்டு மண்டப வாசலில் என் சட்டையைப் பிடித்தார். "சாகப்போறன் எண்டு தெரிஞ்சும் அக்கா என்னோட கதைக்கேல்லையோ? அவ்வளவு வெறுப்போ?" இன்னும் அதையேதான் எல்லாரிடமும் கேட்டுத் திரிகிறாராம்.

தனியாக என்னால் இதைச் செய்திருக்க முடியாது அம்மா. ஊர் அறியக்கூடாது உங்களுக்கு. நீங்கள் அறியக்கூடாது எனக்கு. சரியான சோடி.

கடைசிக் கிழமை ஏன் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை? தெரிந்துவிட்டதா?

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும் முன் சித்தியின் கைக்குப் போகும். சத்தியம். வாசித்துவிட்டு அவர் அடித்தால், அதில் பாதி அடி உங்களுக்கு.

ரயில் பென்டில் ஹில்லில் நிற்குது. கதவு திறந்திட்டுது. நான் போக வேணும்.

உங்களுக்கு வாயாக இருந்த மகன்