மல்லிகை மணக்கும் விமான எரிபொருள்

மார்ச் 4

அம்மா மூன்று வருடமாகக் காட்டாமணக்கு விதையிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் காய்ச்சுகிறாள். நாளை ஆய்வகத்தில் உறைநிலைச் சோதனை. மைனஸ் நாற்பத்தேழு வரை உறையாவிட்டால் வேலை தொடரும். உறைந்தால் அவள் குழுவையே கலைத்துவிடுவார்கள். ஆய்வகத்தில் யாராவது தட்டிவிடுவார்கள் என்று மாதிரிப் புட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். பாதுகாப்பாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் வேறு.

எங்களோடு இருக்கும் சித்தப்பாவின் மல்லிகைத் தலை எண்ணெயும் அதே நிறம். எனக்குக் கை அரிக்கிறது.

மார்ச் 5, காலை

நேற்று அம்மா குளிக்கும்போது இரண்டையும் மாற்றி ஊற்றினேன். சித்தப்பா முகர்ந்து முகம் சுளிப்பார், சிரித்துவிட்டுத் திருப்பி ஊற்றிவிடலாம். அம்மா ஒன்பதுக்குத்தானே கிளம்புவாள்?

ஆறு மணி பஸ்ஸிலேயே புட்டியோடு போய்விட்டாள். சித்தப்பாவுக்கோ ஜலதோஷம். முகரவே இல்லை. தலை நிறையத் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிறார்.

"சித்தப்பா, அடுப்பைப் பத்த வைக்காதீங்க."

"ஏன், நீ சமைக்கப் போறியா?"

"உங்க தலை பறந்துடும்."

உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? கேஸை மூடிவிட்டு விளக்கினேன். நாலு தடவை சோப்பு போட்டார்.

"இருக்கறதே பத்து முடி. அதுக்கு விமானப் பெட்ரோலா? அம்மாகிட்ட நீயே சொல்லிடு."

மாலை

பூஜ்ஜியத்துக்கு முன்பே கல்லாகிவிட்டதாம். அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். "மூணு வருஷம்டி," என்றாள்.

சொல்லணும். வாய் வரமாட்டேங்குது. மத்த நேரம் காது வரைக்கும் கிழியுமே —

மார்ச் 6

சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. அதுதான் பயம். "கிளம்பு," என்றாள்.

ஆய்வகத் தலைவர் முன்னால் நிறுத்தினாள்.

"நீங்க சோதிச்சது எங்க சித்தப்பாவோட தலை எண்ணெய், சார்."

அவர் அறிக்கையைப் புரட்டினார். நான்கு பக்கம், இரண்டு வரைபடம், மூன்று கையெழுத்து.

"லேசான மல்லிகை வாசனைன்னு எழுதியிருக்கோம்," என்றார் மெதுவாக. "விதையோட குணம்னு நெனச்சோம்."

சித்தப்பா புட்டியில் மிச்சமிருக்கும் மாதிரியில் தலை எண்ணெய் கலந்துவிட்டதால் அது செல்லாது. புதிதாகக் காய்ச்ச மூன்று வாரம் தந்திருக்கிறார்.

மார்ச் 15

பள்ளி விட்டதும் கையுறை போட்டு விதை உடைக்கிறேன். 'நகரு', 'அதை எடு' தவிர அம்மா இன்னும் ஒன்றும் பேசவில்லை.

மார்ச் 27

மைனஸ் ஐம்பதிலும் உறையவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மிச்சப் புட்டியை என் மடியில் வைத்துவிட்டு அம்மா தூங்கிப்போனாள். இறங்கும் வரை நான் மூக்கைக்கூடச் சொறியவில்லை.