உன் பறியும் ஒரு பிராவாவும்

மழைக்கு முன்னால் கூரையில் செருகியதையெல்லாம் இறக்கும்போது உன் ஓலைப் பறி கையில் அகப்பட்டது. ஓலை காய்ந்துவிட்டது, சேற்று வாடை மட்டும் போகவில்லை. இரண்டு கையும் சேற்றில் இறால் தடவிப் போட, இதை வாயில் கவ்வியே இருந்ததில் விளிம்பெல்லாம் உன் பல் தடம். அழுகை வரவில்லை எனக்கு. ஆத்திரம்தான் வந்தது.

டச்சுக்காரர் கல்லறையைப் பார்க்க வந்த இத்தாலிக்காரம்மா ஏரிக்கரைக்கும் வந்தாளே. முழங்கால் தண்ணீரில் நாம் இருவரும் உட்கார்ந்து நகர்ந்து இறால் தடவிக்கொண்டிருந்தோம். குதிகால் பதித்த குழியில் வந்து ஒதுங்கும் இறாலை, குனிந்துகூடப் பார்க்காமல் நீ பொறுக்கிப் போட்டாய். அவள் கைதட்டி, “பிராவா” என்றாள். கூட்டிவந்த ஆட்டோக்காரர் அவளிடம் கேட்டுச் சொன்னார்: ஆணுக்கு பிராவோ, பெண்ணுக்கு பிராவா. அழகுக்கும் இரக்கத்துக்கும் சொல்வதில்லையாம். வேலை தெரிந்தவளுக்கு, ருசியாகச் சமைத்தவளுக்கு, சோற்றை மிச்சம் வைக்காத குழந்தைக்குச் சொல்வதாம். “நம்ம கெட்டிக்காரின்னு சொல்றோமே, அது மாதிரி.”

அன்றிலிருந்து நீ அதை விடவில்லை. என் நண்டுக் குழம்புக்கு பிராவா. என் மருமகள் பிள்ளை பெற்றபோது ஆஸ்பத்திரியிலேயே, “பிராவாடி என் கண்ணு.” ஒருநாள் என்னிடமே கேட்டாய்: “எனக்கு ஒருவாட்டி சொல்லேன்டி.”

அஞ்சாவது படித்தவள் நான். கைநாட்டு வைக்கிற நீ கொண்டுவந்த சொல்லை நான் சொல்வதா? “போடி, வேலையப் பாரு” என்றேன். சிரித்தாய். எதற்குச் சிரித்தாய்? சண்டை போட்டிருக்கக் கூடாதா?

நீ செத்தபோது வந்தவர்களெல்லாம் பாவம், பாவம் என்றார்கள். நீயா பாவம்? என் பறி பாதி நிறைவதற்குள் உன்னுடையது வழியும். கருமாதியன்று உனக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைத்த உன் மகன், இந்தப் பறியை மட்டும் குப்பைமேட்டில் எறிந்திருந்தான். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அவனோடு வேலை செய்கிறவர்கள் வருகிறார்களாம். அம்மா சேற்றில் நகர்ந்தவள் என்று தெரிந்துவிடுமாம். எடுத்துக் கழுவி, புதுப் புடவைக்கும் அதிரசத்துக்கும் நடுவில் வைத்தேன்.

“இன்னாத்துக்குப் பெரிம்மா இத்த இங்க வெக்கிற?” என்று பல்லைக் கடித்தான்.

“பிராவா” என்றேன்.

விழித்தான். அவனுக்கா சொன்னேன்? உன் படத்தைப் பார்த்துச் சொன்னேன். கேட்டபோது சொல்லாத வாய், கேட்க நீ இல்லாதபோது சொன்னது.

அன்றே எடுத்துவந்து என் கூரையில் செருகிய பறியை, ஓலை இளக ஊறப் போட்டிருக்கிறேன். நாளைக்கு ஏரிக்கு இதைத்தான் கொண்டுபோகிறேன். உன் பல் பட்ட இடத்திலேயே கவ்விக்கொள்வேன்.